'டேக்' பாடம் யாருக்காக எழுதியது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழோடு வாரந்தோறும் வரும் மாணவர் இணைப்பில், ஆங்கில வினைச்சொற்களை ஒவ்வொன்றாக விளக்கும் பகுதியை நான் விடாமல் படிக்கிறவள். படித்ததும் கத்தரித்து, டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்காகத் திண்ணைச் சுவரில் ஒட்டியும் வைக்கிறேன். சென்ற வாரம் வந்த 'டேக்' (take) பாடத்தை மட்டும் ஒட்டவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். இடம் போதாவிட்டால் என் அபிப்பிராயங்களை வெட்டுங்கள், உதாரணங்களில் கை வைக்காதீர்கள்.

பாடத்தில் தப்பு இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. எழுதியிருந்த ஒவ்வொரு வரியும் சரிதான். ஆனால் 'இப்படி எழுதாதீர்கள்' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்களே, அதைப் பார்த்ததும்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. பஸ்ஸில் போனதைச் சொல்லும்போது 'ஐ சாட் எ பஸ்', அதாவது பஸ்ஸை உட்கார்ந்தேன், என்று எழுதக் கூடாதாம். மருந்துக்கு 'ஈட்' போடக் கூடாதாம். முன்னால் 'யெஸ்டர்டே' இருக்கிறதே என்று வினையை மாற்றாமல் 'டேக்' என்றே விட்டுவிடக் கூடாதாம். கடைசியாக ஒரு குறிப்பு: 'பாரோ', 'லெண்ட்' இரண்டையும் குழப்பிக்கொள்வது போல 'பிரிங்', 'டேக்' இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நான் ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்திலும், அதற்கப்புறம் நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையிலுமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக் காலத்தை ஓட்டியவள். கட்டுக் கட்டாக விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். 'ஐ சாட் எ பஸ்' என்று எழுதிய பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. (எங்கள் ஊர் வழியாகப் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதே பெரிய விஷயம் என்பது வேறு.) அதேபோல, கடன் வாங்குவது எது, கொடுப்பது எது என்று குழம்புகிற பிள்ளை டெல்டாவில் ஏது? நடவுக்கு நகையை அடகு வைத்து, அறுப்பு முடிந்து மீட்கிற வீடுகளில் வளர்கிற பிள்ளைகள். வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்கு இங்கிலீஷ் வருவதற்கு முன்பே தெரியும்.

இந்தத் தப்புகள் யாருடையவை என்று எனக்குத் தெரியும். சீனப் பிள்ளைகளுடையவை. சீன மாணவர்களுக்காக யாரோ எழுதிய 'டேக்' பாடம் எப்படியோ கைமாறி, தமிழில் ஆகி, உங்கள் இணைப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பது என் ஊகம். எழுதியவர் நல்ல ஆசிரியர்தான். தன் வகுப்பில் எங்கே சறுக்குவார்கள் என்று பார்த்து எழுதியிருக்கிறார். அந்த வகுப்புதான் நம்முடையது இல்லை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் எதிர்வீட்டுத் தம்பி சீனாவில் எம்பிபிஎஸ் படித்தவர். 2020 ஜனவரியில் சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர் கொரோனாவில் மாட்டிக்கொண்டார். திரும்பிப் போக 2022 வரை வழியில்லை. மொட்டை மாடியில் போனை வைத்துக்கொண்டு பாடம் கேட்பார், சாயங்காலம் பொழுது போகாமல் என் திண்ணைக்கு வந்து உட்கார்வார். அங்கே விடுதியில் இருந்தபோது சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் பேசப் பழக்கிவிட்டு, பதிலுக்கு அவர்களிடம் சீனம் கற்றுக்கொண்டிருக்கிறார். "டீச்சர், அவங்க பண்ற தப்பும் நம்ம பசங்க பண்ற தப்பும் ஒண்ணுகூட ஒத்துப்போகாது" என்றார் ஒருநாள். ஒண்ணுகூட என்பது அதிகம். ஆனால் பெரும்பாலும் நிஜம். அதிலிருந்து எங்களுக்கு அதுவே பேச்சாகிவிட்டது. அவர் சீன வகுப்பின் தப்பைச் சொல்வார், நான் என் நோட்டுக்கட்டிலிருந்து எடுத்து விடுவேன்.

அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் இது. சீனத்தில் பஸ், ரயில், விமானம் எதில் போனாலும் 'ட்ஸுவோ' என்ற சொல்தான். அதற்கு நேரான பொருள் உட்கார்வது. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனாலும் ட்ஸுவோதான். சைக்கிளுக்கும் குதிரைக்கும் வேறு சொல் வைத்திருக்கிறார்கள். ஆக, சீனப் பிள்ளை 'சிட்' என்று தொடங்குவதில் ஆச்சரியமில்லை. மருந்துக்கு அவர்கள் சொல்வது 'ச்ர் யாவ்', அதாவது மருந்து தின்பது. இதில் நாமும் அவர்களுக்குப் பங்காளிதான், நாமும் மருந்து சாப்பிடுகிறவர்கள். ஆனாலும் நம் பிள்ளை எழுதுவது 'ஈட்' அல்ல, அதற்குப் பிறகு வருகிறேன்.

'யெஸ்டர்டே ஐ டேக்' என்பதும் அப்படித்தான். சீன வினைச்சொல் காலத்துக்காக உருவம் மாறுவதில்லை. கையில் எடுப்பதற்கு 'நா' என்று ஒரு சொல் உண்டு. நேற்றும் நா, இன்றும் நா, நாளைக்கும் நா. நேற்று என்று ஒரு சொல் முன்னால் வந்தாலோ, பின்னால் 'ல' என்று ஒரு சின்ன ஒட்டு வந்தாலோ போதும், முடிந்த காரியம் என்று புரிந்துகொள்வார்கள். தமிழில் எடுத்தேன், எடுக்கிறாள், எடுப்பார்கள் என்று வினைக்குள்ளேயே காலமும் ஆளும் உட்கார்ந்திருக்கிறது. நம் பிள்ளைக்கு இறந்தகாலம் மறக்கவே மறக்காது. சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே நினைவிருக்கும். 'டிட் யூ டுக்?', 'ஐ டிட் நாட் டுக்' என்று இரண்டு இடத்திலும் இறந்தகாலத்தைக் கொண்டுவந்து வைத்துவிடுவான். உங்கள் பாடத்தில் வந்திருக்க வேண்டிய எச்சரிக்கை இதுதான். வரவில்லை.

கடனுக்குச் சீனத்தில் 'ஜ்யே' என்று ஒரே சொல். வாங்கினாலும் ஜ்யே, கொடுத்தாலும் ஜ்யே. யாருக்கு, யாரிடமிருந்து என்பதை வாக்கியத்தில் உள்ள மற்ற சொற்கள் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் அங்கே 'கேன் யூ பாரோ மீ யுவர் பென்' என்று சர்வ சாதாரணமாக வரும் என்கிறார் தம்பி. பேச்சில் அவன், அவள், அது மூன்றுக்கும் அவர்களுக்கு ஒரே ஒலி, எழுத்தில்தான் வேறுபடும். ஆங்கிலத்தில் பேசும்போது 'ஹி'யும் 'ஷி'யும் மாறி மாறி விழும். பிரசவ வார்டில் நின்றுகொண்டு 'ஹி இஸ் பிரெக்னன்ட்' என்று உடன் படித்தவர் கேஸ் சொன்னதைத் தம்பி நடித்தே காட்டினார். நம் வீட்டு மூன்று வயதுக் குழந்தைகூட அந்தத் தப்பைச் செய்யாது.

இன்னொரு சங்கதி. பார்ப்பதற்குச் சீனத்தில் 'கான்' என்பார்களாம். புத்தகம் படித்தாலும் கான், டிவி பார்த்தாலும் கான், டாக்டரிடம் போனாலும் கான். நம்முடைய 'காண்' மாதிரியே இருக்கிறதே என்று தோன்றும். வாட்ஸ்அப் ஆராய்ச்சியாளர்கள் கையில் இது கிடைக்காமல் இருக்கட்டும். தற்செயலான ஒற்றுமை, வேறொன்றும் இல்லை.

சரி, அவர்கள் கதை போதும். நம் பிள்ளைகள் 'டேக்' என்ற சொல்லை என்ன பாடுபடுத்துகிறார்கள் என்பதற்கு வருகிறேன். பாடத்தின் தலைப்பிலேயே 'டேக் - எடு' என்று போட்டிருந்தீர்கள். வினையே அங்கிருந்துதான் ஆரம்பம்.

'எடு' என்பது தமிழில் லேசுப்பட்ட சொல் இல்லை. தீபாவளிக்குக் கும்பகோணம் போய்த் துணி எடுக்கிறோம். பரீட்சையில் மார்க் எடுக்கிறோம். பசி எடுக்கிறது, வாந்தி எடுக்கிறது. சினிமாக்காரர்கள் படம் எடுக்கிறார்கள், பாம்பும் படம் எடுக்கிறது. பஸ்ஸில் டிக்கெட் எடுக்கிறோம். இவ்வளவையும் 'டேக்' என்ற ஒரே ஆணியில் மாட்டினால் என்ன ஆகும்? 'ஐ டுக் எ நியூ டிரஸ் ஃபார் தீபாவளி' என்று எழுதுவான் பையன். படிக்கிற வெளிநாட்டுக்காரனுக்கு, இவன் எங்கிருந்தோ சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான் என்று தோன்றும். அங்கே 'பாட்' (bought) வர வேண்டும். மார்க்குக்கு 'கெட்' அல்லது 'ஸ்கோர்'. படத்துக்கு 'மேக்'. டிக்கெட்டுக்கு 'பை' அல்லது 'கெட்'. வாந்திக்கு ஒன்றுமே வேண்டாம், 'வாமிட்' என்பதே வினை. பசிக்கு 'ஐ ஆம் ஹங்ரி', அவ்வளவுதான்.

வலங்கைமான் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண், பங்குனியில் மாரியம்மன் கோயில் பாடைக்காவடித் திருவிழாவைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தாள். அருமையான கட்டுரை, கூட்டமும் வெயிலும் கண்முன்னால் நிற்கும். நடுவில் ஒரு வரி: 'மை ஆன்ட் டுக் எ மில்க் பாட் அண்ட் வென்ட் அரவுண்ட் த டெம்பிள்.' அத்தை பால்குடம் எடுத்தாள் என்பது நமக்குத் தெரியும். அத்தை யாருடைய பால் பானையையோ கையோடு கொண்டுபோனதாகத்தான் ஆங்கிலம் படிக்கிறவருக்குப் படும். 'கேரிட்' என்று மாற்றச் சொன்னேன். "அது லக்கேஜுக்குத்தானே டீச்சர்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அவளுக்கு அந்தச் சொல் அப்படித்தான் அறிமுகமாகியிருக்கிறது.

இது ஒரு பக்கம். மறு பக்கம் இன்னும் மோசம்: 'டேக்' வர வேண்டிய இடத்தில் தமிழில் 'எடு' வராது, அதனால் பிள்ளைக்கு 'டேக்' நினைவுக்கே வராது. லீவு போடுகிறோம், மாத்திரை போடுகிறோம். அதனால் 'ஹி புட் லீவ்', 'ஐ புட் எ டேப்லட்'. இரண்டுக்கும் 'டேக்'தான் வர வேண்டும். பரீட்சை எழுதுகிறோம், அதனால் 'ஐ ரோட் தி எக்ஸாம்'. இதை நான் அவ்வளவாகத் திருத்துவதில்லை, உலகத்தில் வேறு சில இடங்களிலும் இப்படிச் சொல்கிறார்கள். பிரிட்டனில் 'சிட் அன் எக்ஸாம்' என்கிறார்கள். பஸ்ஸுக்கு 'சிட்' போடாதே என்று அந்தச் சீனப் பிள்ளையைத் திருத்திவிட்டு, பரீட்சைக்கு மட்டும் போடலாம் என்றால் பாவம், அவன் என்னதான் செய்வான்!

என் அனுபவத்தில் நம் பக்கத்துப் பிள்ளைகள் 'டேக்' விஷயத்தில் அதிகம் தடுமாறுவது ஆட்களை அழைத்துப் போகும் இடத்தில்தான். தமிழில் பொருளை எடுத்துக்கொண்டு போகிறோம், ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். இரண்டும் வேறு வேறு. ஆங்கிலத்தில் குடையும் பாட்டியும் ஒன்றுதான், இரண்டுக்கும் 'டேக்'. பிள்ளைக்குப் பாட்டியை 'டேக்' என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. பாட்டி என்ன பையா, தூக்கிக்கொண்டு போக? அதனால் கூப்பிட்டுக்கொண்டு போனேன் என்பதை அப்படியே வைத்து, 'ஐ கால்ட் மை கிராண்ட்மதர் அண்ட் வென்ட் டு த ஹாஸ்பிடல்' என்று எழுதிவிடும். அந்த வாக்கியத்தில் பாட்டி மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை. பேரன் போனில் கூப்பிட்டுவிட்டுத் தான் மட்டும் போயிருக்கிறான். 'ஐ டுக் மை கிராண்ட்மதர் டு த ஹாஸ்பிடல்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால், முதல் தடவை பார்க்கும் பிள்ளைகள் சிரிக்கும். சிரிக்கட்டும். சிரித்த வாக்கியம் மறக்காது.

'பிரிங்', 'டேக்' இரண்டையும் குழப்பாதீர்கள் என்ற எச்சரிக்கையும் நமக்கு வேண்டாத ஒன்று. கொண்டுவா, கொண்டுபோ என்று தமிழே 'வா'வையும் 'போ'வையும் பின்னால் ஒட்டித் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. சீனத்திலும் 'தாய்' என்ற வினைக்குப் பின்னால் வருவதற்கு 'லாய்', போவதற்கு 'ச்சூ' என்று ஒட்டுவார்கள், ஆனால் ஒட்டாமல் வெறும் 'தாய்' என்றும் விட்டுவிடலாம். அங்கேதான் அவர்களுக்குச் சிக்கல் போலிருக்கிறது.

அடுத்தது நேரம். இங்கேதான் சீனப் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள். எங்கள் ஊர் ரயில்வே கேட்டைப் பற்றி உங்கள் நாளிதழிலேயே எத்தனையோ முறை வந்திருக்கும், அதனால் அதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். கேட் போட்டுவிட்டால் தஞ்சாவூர் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், 'ஆகும்' என்பதற்குப் 'பிகம்' போட்டு 'டூ ஹவர்ஸ் வில் பிகம்' என்று ஒருவன் எழுதுவான். நேரம் 'பிடிக்கும்' என்று நினைத்தவன் 'டூ ஹவர்ஸ் வில் கேட்ச்' என்பான். கொஞ்சம் விவரமானவன் 'டூ ஹவர்ஸ் வில் கம்'. யாருக்கும் 'இட் டேக்ஸ் டூ ஹவர்ஸ்' வராது. காரணம் 'டேக்' தெரியாததல்ல, 'இட்' தெரியாதது. அந்த 'இட்' எதையும் குறிக்கவில்லை, சும்மா எழுவாய் இடத்தை நிரப்ப வந்து நிற்கிறது. தமிழில் அப்படி ஒரு வெற்று ஆளை வைத்து வாக்கியம் தொடங்கும் வழக்கம் இல்லை. மழை பெய்கிறது என்போம், 'அது பெய்கிறது' என்று சொல்ல மாட்டோம். சீனத்திலும் இல்லை. மழை கீழே வருகிறது என்கிற மாதிரி 'ஷ்யா யூ' என்று விட்டுவிடுகிறார்கள். அதனால் அங்கேயும் பிள்ளைகள் 'ஐ டேக் டூ ஹவர்ஸ்', 'ஐ காஸ்ட் டூ ஹவர்ஸ்' என்று தன்னையே எழுவாயாக்கி எழுதுவார்களாம். நேரத்தையும் பணத்தையும் செலவழிப்பதற்கு அவர்களிடம் 'ஹுவா' என்று ஒரே சொல். அந்த எழுத்துக்கே பூ என்றும் பொருள் உண்டு. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

இதற்குச் சீன ஆசிரியர்கள் வைத்திருக்கும் மருந்து நல்ல மருந்து. அதைக் கடன் வாங்கலாம், தப்பில்லை. 'ஸ்பெண்ட்', 'காஸ்ட்', 'டேக்', 'பே' நான்கையும் பொருளைக் கொண்டு பிரிக்காமல், வாக்கியத்தின் முதலில் யார் நிற்கிறார் என்பதைக் கொண்டு பிரிக்கிறார்கள். 'ஸ்பெண்ட்'டுக்கும் 'பே'க்கும் முன்னால் மனிதர் வர வேண்டும். 'காஸ்ட்'டுக்கு முன்னால் பொருள். நேரத்தைச் சொல்லும் 'டேக்'குக்கு முன்னால் வேலையோ பயணமோ, அதுவும் இல்லாவிட்டால் அந்த 'இட்'. அப்புறம் 'பே' வந்தால் வாங்கிய பொருளுக்கு முன்னால் 'ஃபார்' வரும், 'ஸ்பெண்ட்' வந்தால் 'ஆன்' வரும். அங்கே நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகள் இதைப் பாட்டாகவே ஒப்பிப்பார்கள் என்றார் தம்பி. சீனாவில் 2001 முதல் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்குகிறது, பல்கலைக்கழக நுழைவுக்கான 'காவ்காவ்' தேர்வில் 750 மதிப்பெண்ணுக்கு 150 ஆங்கிலத்துக்கு. ஒப்பிக்காமல் என்ன செய்வார்கள்? உங்கள் பாடத்தில் இந்த நான்கு வினைகளின் பிரிவு இருந்தது, ஆனால் கடைசியில் இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். நம் பிள்ளைகளுக்கு மொத்தப் பாடத்திலும் உபயோகமான இடம் அதுதான். 'ஐ சாட் எ பஸ்'ஸுக்குக் கொடுத்த இடத்தை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

இன்னொன்றையும் சேர்க்கச் சொல்வேன். நான் வகுப்பு எடுத்தேன் என்றால் நம் ஊரில் ஆசிரியர் பாடம் நடத்தியதாக அர்த்தம். 'ஐ டுக் எ கிளாஸ்' என்று இந்தியா முழுக்க அப்படித்தான் சொல்கிறோம். அமெரிக்காவில் அதே வாக்கியத்தைச் சொன்னால் மாணவராகப் போய் உட்கார்ந்து படித்ததாக அர்த்தம். சீனத்தில் 'ஷாங் க' என்று ஒரு தொடர், ஆசிரியர் நடத்தினாலும் மாணவர் படித்தாலும் அதுவேதான், ஆகையால் அவர்களுக்கும் இதில் தடுமாற்றம் உண்டு. வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் எழுதும் நம் பிள்ளைகள், தான் நடத்திய பாடத்தைத் தான் படித்ததாக எழுதி அனுப்பிவிடக் கூடாது அல்லவா?

சின்னச் சின்ன வினைச்சொற்கள்தானே, சுலபம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு பழைய கதை. 1930இல் ஓக்டன் என்ற ஆங்கிலேயர், உலகத்துக்கெல்லாம் போதும் என்று 850 சொற்களைக் கொண்ட ஒரு சுருக்க ஆங்கிலத்தை உருவாக்கினார். அதில் வினைகள் 18 மட்டும். டேக், கெட், புட், கிவ், மேக் எல்லாம் அதில் அடக்கம். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஐ.ஏ.ரிச்சர்ட்ஸ் அதைச் சீனாவில் பரப்ப 1930களில் பெரிதும் பாடுபட்டார். அதற்கு முன்பே பீஜிங்கில் உள்ள சிங்குவா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர் அவர். 1937இல் ஜப்பான் படையெடுத்ததும் அந்த முயற்சி குலைந்தது. போர் வராமல் இருந்திருந்தாலும் பெரிதாகப் பலித்திருக்காது என்பது என் எண்ணம். 18 வினை என்பது பார்க்கத்தான் குறைவு. 'டாலரேட்' என்ற ஒரு சொல்லைக் குறைத்துவிட்டு 'புட் அப் வித்' என்று மூன்றைச் சேர்த்தால், மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு எது பாரம்? 'டேக்'கின் பின்னால் ஆஃப், ஆஃப்டர், இன், ஓவர், அப் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் ஒவ்வொன்றும் புதுச் சொல். விமானம் கிளம்புவதும் சட்டையைக் கழற்றுவதும் ஒரே 'டேக் ஆஃப்' என்று சொன்னால் பிள்ளைகள் நம்பாது. சீனத்தில் அவை இரண்டும் தனித்தனி வினை, தமிழிலும்தான்.

போகிற போக்கில் ஒன்று. இத்தனை ஆட்டம் போடும் இந்த 'டேக்' ஆங்கிலத்துக்கே வந்தேறி. வைக்கிங்குகளோடு வந்த ஸ்காண்டிநேவியச் சொல் அது. அதற்கு முன் ஆங்கிலேயர் எடுப்பதற்கு 'நிமன்' என்று வேறொரு சொல் வைத்திருந்தார்கள், அது மறைந்தே போய்விட்டது. கை மரத்துப்போவதற்கு 'நம்ப்' என்கிறோமே, அது போன்ற ஓரிரு சொற்களில் அதன் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நம் வீடுகளில் பலரிடம் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதி, அதன் முதல் வடிவத்தில், 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. ஏ.எஸ்.ஹார்ன்பி என்பவர் ஜப்பானில் பல ஆண்டு ஆங்கிலம் கற்பித்தவர், அங்கிருந்தபடியே சகாக்களோடு சேர்ந்து அதைத் தொகுத்தார். எந்த வினைக்குப் பின்னால் எந்த அமைப்பு வரும் என்று அவர் வகைப்படுத்திக் கொடுத்ததற்குக் காரணம், அங்கே இருந்த மாணவர்களுக்கு அது தேவைப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்து வெளியிட்டது போருக்குப் பின், 1948இல். எதிரில் உட்கார்ந்திருப்பவன் யார் என்று பார்த்து எழுதினால்தான் பாடம் நன்றாக வருகிறது. நம் எதிரில் உட்கார்ந்திருப்பவன் பஸ்ஸை உட்காரவில்லை, பாட்டியைப் போனில் கூப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறான்.

ஆகவே என் வேண்டுகோள் இது. மொழிபெயர்த்த பாடங்களை நிறுத்தச் சொல்லவில்லை. அச்சுக்குப் போவதற்கு முன்னால், திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம் மாவட்டப் பள்ளிகளில் பாடம் நடத்துகிற யாராவது ஓர் ஆசிரியரிடம் எச்சரிக்கைகளை மட்டும் காட்டுங்கள். இந்தத் தப்பை உங்கள் பிள்ளைகள் செய்கிறார்களா என்று ஒரே கேள்வி கேளுங்கள். இல்லை என்றால் எடுத்துவிட்டு, அவர் சொல்வதைப் போடுங்கள். 'டேக் - எடு' என்று ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல் கொடுப்பதையும் நிறுத்துங்கள். அதற்குப் பதில் 'டேக் எ டேப்லட் - மாத்திரை போடு', 'டேக் லீவ் - லீவு போடு', 'டேக் எ பஸ் - பஸ் பிடி', 'டேக் டூ ஹவர்ஸ் - இரண்டு மணி நேரம் ஆகும்', 'டேக் கிராண்ட்மதர் - பாட்டியைக் கூட்டிக்கொண்டு போ' என்று சேர்த்தே கொடுத்தால், அதை நான் திண்ணையில் ஒட்டுவேன்.

அடுத்த வாரம் 'கெட்' என்று அறிவித்திருக்கிறீர்கள். அதிலும் சீனப் பாடமே வருமோ என்று பயமாக இருக்கிறது. வந்தாலும் சரி, ஒரு வரிக்கு மட்டும் இடம் ஒதுக்குங்கள்: பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு நாம் எல்லோரும் 'கெட் டவுன்' என்கிறோம், வெளியூர் ஆங்கிலத்தில் அது 'கெட் ஆஃப்'. கூடவே 'கோபம் வந்தது' என்பதற்கு 'ஆங்கர் கேம்' என்று எழுதாமல் 'ஐ காட் ஆங்ரி' என்று எழுத வேண்டும் என்பதும். என் நோட்டில் 'கெட்'டுக்கு இன்னும் நிறைய இருக்கிறது, பிள்ளைகள் பெயரை நீக்கிவிட்டு நகல் எடுத்து அனுப்பத் தயார். புதன்கிழமைக்குள் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே தபாலில் சேர்த்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.